வேரியபிளில் பழைய மதிப்பு ஒட்டிக்கொள்வது ஏன்: செட், செலக்ட், அப்புறம் அந்த டிசம்பர் 31

தம்பி கேட்டதைச் சுருக்கிவிட்டு ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு இன்வாய்ஸ் புரோகிராம் எழுதியிருக்கிறார், எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில். பழைய இன்வாய்ஸ்களை ஒரு லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, அதன் தேதிக்கு உரிய ஜிஎஸ்டி விகிதத்தை ஒரு டேபிளிலிருந்து வேரியபிளுக்குள் (மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் பெட்டி) வாங்கி, தொகையைத் திரும்பக் கணக்குப் போடுகிறார். ஆயிரக்கணக்கில் சரியாக வருகிறது. சிலவற்றில் மட்டும் விகிதம் தப்பு, அதுவும் லூப்பில் அதற்கு முன்னால் போன இன்வாய்ஸின் விகிதமே இதற்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்க செலக்ட் கட்டளையை எடுத்துவிட்டு செட் கட்டளை போட்டால் சரியாகிவிடுமா, இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம் என்பது கேள்வி.

சரியாகாது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும், அது பாதி வேலை.

க்வெரிகளையும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளைகள்) தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து ஃபோனில் அடிப்பதால் கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமையில்லை. டிக்ளேர், செட், செலக்ட், ஃப்ரம், வேர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த அதே கீவேர்டுகள்தான், @ போட்டது வேரியபிள். இன்னொன்று, தமிழில் டாக்ஸும் வரி, லைனும் வரி. இந்தப் பதிலில் வரி என்றால் சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸுக்குக் கட்டுவது, டேபிளில் இருப்பது ரோ.

நீங்கள் அனுப்பிய லூப்பின் உள்ளே இருப்பது ஏறக்குறைய இது:

செலக்ட் @விகிதம் = விகிதம்
ஃப்ரம் ஜிஎஸ்டி_டேபிள்
வேர் @இன்வாய்ஸ்_தேதி >= தொடக்கம்
அண்ட் @இன்வாய்ஸ்_தேதி <= முடிவு;

டேபிளில் மொத்தமே ஆறு ரோ. இங்கே ஜிஎஸ்டி 1994 ஏப்ரல் 1 அன்று 3 விழுக்காட்டில் ஆரம்பித்தது, 2003 ஜனவரியில் 4, 2004 ஜனவரியில் 5, 2007 ஜூலையில் 7, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. உங்கள் டேபிளில் 8 விழுக்காட்டு ரோவுக்குத் தொடக்கம் 2023-01-01, முடிவு 2023-12-31. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நீங்கள் உதாரணமாகக் கொடுத்த நான்கு இன்வாய்ஸையும் பார்த்தீர்களா? நான்கும் டிசம்பர் 31 தேதியிட்டவை, ஒன்று 2022, மூன்று 2023. இன்வாய்ஸ் தேதியோ டேட்டைம், நேரத்தோடு இருக்கிறது. டிசம்பர் 31 மாலை 3:40-க்குப் போட்ட இன்வாய்ஸை முடிவு தேதியோடு ஒப்பிடும்போது, முடிவில் நேரம் இல்லாததால் அது அன்றைய நள்ளிரவு 00:00 என்றே எடுத்துக்கொள்ளப்படும். 3:40 அதைவிடப் பெரியது. ஆக 8 விழுக்காட்டு ரோ பொருந்தாது, 9 விழுக்காட்டு ரோ மறுநாள்தான் தொடங்குகிறது, அதுவும் பொருந்தாது. ஒரு ரோகூட வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரு ரோகூட வராதபோது செலக்ட் வேரியபிளைத் தொடவே தொடாது. நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக்காது, பூஜ்யம் ஆக்காது, எரர் தராது, அப்படியே விட்டுவிடும். லூப்பில் முந்தைய சுற்றில் என்ன இருந்ததோ அது மிச்சம் இருக்கும். நீங்கள் வாடிக்கையாளர் எண் வரிசையில் லூப் ஓட்டுகிறீர்கள், அதனால் டிசம்பர் 31 இன்வாய்ஸுக்கு முன்னால் 2024-ஆம் ஆண்டு இன்வாய்ஸ் போயிருந்தால் 9, 2019 இன்வாய்ஸ் போயிருந்தால் 7. ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி வந்ததற்கு இதுதான் காரணம், டேட்டாபேஸுக்குப் பேய் பிடிக்கவில்லை. தேதி வரிசையில் ஓட்டியிருந்தால் முந்தைய சுற்றின் 8 ஒட்டிக்கொண்டு, தற்செயலாகச் சரியான விடையே வந்திருக்கும், இந்தப் பிழை பல வருடம் தூங்கியிருக்கும்.

இதையே செட் போட்டு எழுதினால்:

செட் @விகிதம் = (செலக்ட் விகிதம் ஃப்ரம் ஜிஎஸ்டி_டேபிள் வேர் ...);

அடைப்புக்குள் இருப்பது ஒரு மதிப்பாகவே பார்க்கப்படும். ரோ இல்லையா, மதிப்பு நல். பழையது ஒட்டாது. தொகையும் நல் ஆகி, அந்த நான்கு இன்வாய்ஸும் காலியாகக் கண்ணில் படும். ஒன்றுக்கு மேல் ரோ வந்தால் செட் நேரடியாகச் சண்டைக்கு வரும், 512 என்ற எண்ணோடு, துணை க்வெரி ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பைத் தந்தது என்று எரர். செலக்ட் அப்போதும் வாயைத் திறக்காது, வந்த ரோக்களில் கடைசியாக எது வந்ததோ அதை வைத்துக்கொள்ளும். ஆர்டர் பை இல்லாவிட்டால் அந்தக் கடைசி எது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இன்று ஒரு இண்டெக்ஸ் சேர்த்தால் நாளை வேறொன்று கடைசியாக வரலாம்.

எனவே நான் பார்ப்பது செட்டா செலக்ட்டா என்பதை அல்ல. வேரியபிளுக்கு க்வெரியிலிருந்து மதிப்பு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரோ வராவிட்டால் என்ன, இரண்டு வந்தால் என்ன என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். அதற்குப் பதில் தெரிந்தால் எதை வேண்டுமானாலும் போடுங்கள். பதில் தெரியாவிட்டால் செட் போடுங்கள், குறைந்தபட்சம் சத்தம் போட்டுத் தோற்கும். செலக்ட்டிலும் செட்டின் குணத்தைக் கொண்டுவரலாம், செலக்ட் @விகிதம் = (செலக்ட் ...) என்று உள்ளே அடைப்புப் போட்டால் ரோ இல்லாதபோது நல் வந்துவிடும்.

லூப்புக்குள்ளேயே டிக்ளேர் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்குமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன், ஜாவாவிலிருந்து வந்தவன் வேறு எப்படி நினைப்பான். எஸ்க்யூஎல் சர்வரின் மொழியான டி-எஸ்க்யூஎல்லில் வேரியபிளின் ஆயுள் பேட்ச் (ஒரே தடவையில் அனுப்பும் கட்டளைத் தொகுப்பு) முழுவதும், பிகின் எண்ட் போட்டாலும் அது தனி வீடு ஆகாது. வைல் லூப்புக்குள் வெறும் டிக்ளேர் இருந்தால் இரண்டாவது சுற்றில் அது எதையும் செய்யாது, பழைய மதிப்பு அங்கேயே இருக்கும். டிக்ளேர் @விகிதம் டெசிமல்(5,2) = நல் என்று சமக்குறியோடு எழுதினால் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மதிப்பு ஏறும். இப்படி டிக்ளேரிலேயே மதிப்பு கொடுக்கும் வசதி 2008 பதிப்பில்தான் வந்தது, += போன்ற சுருக்கங்களும் அப்போதுதான். கோ என்று போட்டால் பேட்ச் முடிந்தது, அதற்குக் கீழே வேரியபிள் கிடையாது. கோ என்பது எஸ்க்யூஎல் கட்டளையே இல்லை, மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவும் எஸ்க்யூஎல்சிஎம்டியும் மட்டும் புரிந்துகொள்ளும் ஒரு வெட்டுக்கோடு.

உங்கள் டேபிளுக்கு நான் செய்வது இது. முடிவு ஃபீல்டைத் தூக்கிவிடுங்கள். ஒரு விகிதம் எப்போது முடிகிறது என்பதை அடுத்த விகிதத்தின் தொடக்கமே சொல்லிவிடும், அதை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் நடுவில் இடைவெளியோ இரட்டிப்போ வருவதற்கு நாமே வாசல் திறந்து வைக்கிறோம்.

செட் @விகிதம் = (
செலக்ட் டாப் 1 விகிதம்
ஃப்ரம் ஜிஎஸ்டி_டேபிள்
வேர் தொடக்கம் <= @இன்வாய்ஸ்_தேதி
ஆர்டர் பை தொடக்கம் டெஸ்க்);

இஃப் @விகிதம் இஸ் நல்
த்ரோ 50001, 'இந்தத் தேதிக்கு விகிதம் இல்லை', 1;

டெஸ்க் என்றால் இறங்குவரிசை. எரர் கிளப்பும் த்ரோ 2012 பதிப்பு முதல் உண்டு. டாப் 1 போட்டதால் இரண்டு ரோ வர வழியில்லை, தேதி 1994-க்கு முன்னால் போனால் நல் வரும், நல் வந்தால் நிற்கும். முடிவு ஃபீல்டை வைத்துத்தான் ஆகவேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் அதில் மறுநாளைப் போட்டு, <= என்பதை < ஆக்குங்கள். 23:59:59 போடுகிறேன் என்று மட்டும் வராதீர்கள், கடைசி ஒரு வினாடிக்குள் வரும் இன்வாய்ஸ் அதிலும் விழும்.

உண்மையில் இந்த வேலைக்கு லூப்பும் வேண்டாம் வேரியபிளும் வேண்டாம். இன்வாய்ஸ் டேபிளோடு கிராஸ் அப்ளை போட்டு, மேலே உள்ள டாப் 1 க்வெரியை அதற்குள் வைத்தால் ஒரே அப்டேட்டில் எல்லாம் முடியும். சி ஷார்ப்பிலோ பைத்தானிலோ பழகிய கை முதலில் வேரியபிளைத்தான் தேடும், டேபிளை முழுதாகப் பார்க்கும் கண் வர ஒன்றிரண்டு வருடம் ஆகும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது டேட்டா டைப். செட்டா செலக்ட்டா என்று ஊரே வாதாடும், நான் பார்த்த பெரிய சேதமெல்லாம் டைப்பில்தான். சிங்கப்பூர் வந்து இரண்டாம் வருடம், விகிதம் 7 விழுக்காடாக இருந்த காலம், டிக்ளேர் @வரி டெசிமல் என்று மட்டும் எழுதிவிட்டு செட் @வரி = 0.07 போட்டேன். டெசிமலுக்கு அளவு சொல்லாவிட்டால் எஸ்க்யூஎல் சர்வர் 18,0 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது புள்ளிக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. 0.07 முழு எண்ணாக உருண்டு 0 ஆனது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. காலை முழுவதும் போன இன்வாய்ஸ்களில் ஜிஎஸ்டி 0.00. மதியம் கணக்குப் பிரிவு அக்கா ஒருத்தர் ஒரு தாளை மேசையில் வைத்து, "என்ன தம்பி, அரசாங்கம் வரியை எடுத்துட்டாங்களா, நியூஸ்ல சொல்லவே இல்லையே" என்று கேட்டார். அன்றைக்கு நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இந்த இயல்பு அளவு 10,0, அங்கேயும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் நியூமெரிக் என்று சும்மா எழுதினால் கொடுத்த புள்ளிகளை அப்படியே வைத்துக்கொள்ளும், அந்த மட்டும் புண்ணியம். விகிதத்தை 0.09 என்று வைக்காமல் 9 என்று முழு எண்ணாக வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இண்ட் வேரியபிளில் 9 இருக்க, @விகிதம் / 100 என்று எழுதினால் எஸ்க்யூஎல் சர்வரில் முழு எண் வகுத்தல் நடந்து விடை 0. 100.0 என்று எழுத வேண்டும்.

எழுத்துகளை வைக்கும் டைப்பான வார்ச்சாரும் இதே குடும்பம். டிக்ளேரில் வார்ச்சார் என்று அளவில்லாமல் எழுதினால் ஒரே ஒரு எழுத்து நிற்கும். அதையே டைப்பை மாற்றும் காஸ்ட்டுக்குள் எழுதினால் 30. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் அப்படி வைத்திருக்கிறது. டேபிளுக்குள் நீளமான எழுத்தைத் திணித்தால் எரர் வரும், வேரியபிளுக்குள் திணித்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

உங்கள் கடை ரசீதில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் வரவேண்டும் என்று ஒரு லைனில் சொல்லியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தலைவலி. செட் @ஊர் = 'சிங்கப்பூர்' என்று போட்டுவிட்டுப் பார்த்தால் கேள்விக்குறிகளாக வரும். வேரியபிளை என்வார்ச்சார் (யூனிகோட் எழுத்துக்கான டைப்) என்று வைத்திருந்தாலும் வரும், ஏனென்றால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்து முதலில் சாதாரண வார்ச்சாராகப் படிக்கப்பட்டு, டேட்டாபேஸின் எழுத்துப் பட்டியலான கோட்பேஜில் தமிழுக்கு இடமில்லாததால் அங்கேயே செத்துப்போகிறது, அதற்கப்புறம்தான் வேரியபிளுக்கே வருகிறது. மேற்கோளுக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைப் போட்டால்தான் அது யூனிகோடாகப் படிக்கப்படும். கேள்விக்குறி ஆனது ஆனதுதான், பிறகு டைப்பை மாற்றினாலும் தமிழ் திரும்பி வராது.

அளவு அடுத்த பொறி. சிங்கப்பூர் என்பதில் நம் கணக்கில் ஆறு எழுத்து: சி, ங், க, ப், பூ, ர். யூனிகோடுக்கு அது பதினொன்று, ஏனென்றால் ச தனி, அதன் மேல்விலங்கு தனி, ங தனி, புள்ளி தனி, இப்படி. நீளம் சொல்லும் லென் போட்டுப் பார்த்தால் 11 என்றே சொல்லும். என்வார்ச்சார்(6) வேரியபிளில் போட்டால் 'சிங்கப' என்று நிற்கும். என்வார்ச்சார்(10) போட்டால் இன்னும் வேடிக்கை, கடைசிப் புள்ளி மட்டும் போய் 'சிங்கப்பூர' ஆகிவிடும், யாரோ எழுத்துப்பிழை விட்டார்கள் என்று நினைத்து டேட்டா என்ட்ரி பையனைத் திட்டுவோம். தமிழ்ப் பெயருக்கு அளவு வைக்கும்போது கண்ணால் எண்ணிய எழுத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள், தாராளமாக வைத்தால் காசு ஒன்றும் கேட்காது. 2019 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 கொலேஷன் இருக்கிறது, அதில் வார்ச்சாரிலேயே தமிழ் வைக்கலாம், ஆனால் அங்கே அளவு பைட் கணக்கு, இந்தப் பதினொன்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 33.

செலக்ட்டை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே ரோவிலிருந்து நாலைந்து வேரியபிளுக்கு மதிப்பு எடுக்க வேண்டுமென்றால் செலக்ட்தான் வசதி, செட் ஒரு தடவைக்கு ஒன்றுதான் எடுக்கும், ஐந்து செட் என்றால் டேபிளுக்கு ஐந்து தடவை போய்வருவது. செலக்ட்டே கட்டாயமான இடமும் ஒன்று உண்டு. @@எரர் (கடைசி ஸ்டேட்மெண்டின் எரர் எண்), @@ரோகவுண்ட் (அது தொட்ட ரோக்களின் எண்ணிக்கை) இரண்டும் அடுத்த ஸ்டேட்மெண்டிலேயே மாறிவிடும். முதலில் ஒன்றை செட் செய்து அடுத்த லைனில் மற்றதை செட் செய்தால் இரண்டாவது பொய். செலக்ட் @எ = @@எரர், @ர = @@ரோகவுண்ட் என்று ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். உங்கள் லூப்பிலேயே செலக்ட்டுக்கு அடுத்து @@ரோகவுண்ட் 0-ஆ என்று பார்த்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

ஒரே செலக்ட்டில் வேரியபிளுக்கும் மதிப்பு கொடுத்து, திரையிலும் ஃபீல்டைக் காட்ட முடியாது, 141 எரர் வரும். நிறைய ரோக்களின் பெயர்களை ஒரே வேரியபிளில் கமா போட்டு ஒட்ட செலக்ட் @பட்டியல் = @பட்டியல் + பெயர் என்று எழுதும் பழைய தந்திரம் பல இடங்களில் ஓடுகிறது, ஆர்டர் பை சேர்த்ததும் கடைசிப் பெயர் மட்டும் வந்து நிற்கும் சமயங்களும் உண்டு. 2017 முதல் ஸ்ட்ரிங்_அக் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், தொடக்கத்தில் வேரியபிள் நல்லாக இருந்து மொத்தமும் நல் ஆகும் தொல்லையும் இல்லை.

அப்டேட்டிலும் வேரியபிளுக்கு மதிப்பு எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்வாய்ஸ் எண் எடுக்க இது அருமை:

அப்டேட் எண்_டேபிள்
செட் @புது_எண் = கடைசி_எண் = கடைசி_எண் + 1
வேர் வகை = 'இன்வாய்ஸ்';

கூட்டிய பிறகு உள்ள எண் வேரியபிளுக்கு வரும். முதலில் செலக்ட்டில் கடைசி எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, பிறகு அப்டேட் செய்தால், இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் ரசீது போடும்போது இரண்டு பேருக்கும் ஒரே எண் போகும், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கூட்டத்தில் இது நடந்தே தீரும். @பழைய_எண் = கடைசி_எண், கடைசி_எண் = கடைசி_எண் + 1 என்று நடுவில் கமா போட்டு எழுதினால் கூட்டுவதற்கு முந்தைய எண் வரும். ஒரு கமாவில் ஒரு எண் வித்தியாசம், கவனம்.

டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்தால் டேபிள்கள் பழைய நிலைக்குப் போகும், வேரியபிள் போகாது. டேபிள் போலவே ரோக்களை வைக்கும் டேபிள் வேரியபிளும் போகாது. இது குறையல்ல, வசதி. என்ன தப்பு நடந்தது என்பதை ஒரு டேபிள் வேரியபிளில் சேர்த்து வைத்துவிட்டு ரோல்பேக் செய்து, அப்புறம் அதை லாக் டேபிளில் எழுதலாம்.

உங்கள் மெசேஜின் கடைசியில், அடுத்த கடைக்கு மைஎஸ்க்யூஎல்லில் இதையே மாற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அப்படியே நகலெடுக்காதீர்கள். அங்கே செலக்ட்டுக்குள் = போட்டால் அது மதிப்பு கொடுப்பது இல்லை, ஒப்பிடுவது. செலக்ட் @விகிதம் = விகிதம் என்று எழுதினால் திரையில் 1, 0 அல்லது நல் வரும், வேரியபிள் அப்படியே இருக்கும். := போட வேண்டும். செட்டில் மட்டும் இரண்டும் செல்லும். எக்ஸ்பிரஷனுக்குள் := போட்டு மதிப்பு மாற்றுவதையும் 8.0.13 முதல் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், முன்பு வரிசை எண் போட எல்லாரும் செய்துகொண்டிருந்த @ந := @ந + 1 வித்தைக்கு இப்போது ரோ_நம்பர் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர் செலக்ட் விகிதம் இன்டு @விகிதம் என்று எழுதுங்கள். இரண்டு ரோ வந்தால் 1172 எரர் வரும், நல்லது. ரோ வராவிட்டால் ஒரு எச்சரிக்கை மட்டும் வந்து, வேரியபிள் பழைய மதிப்போடு இருக்கும். ஆக உங்கள் டிசம்பர் 31 பிழை அங்கேயும் அட்சரம் பிசகாமல் வரும்.

மைஎஸ்க்யூஎல்லில் @ போட்ட வேரியபிளை டிக்ளேர் செய்யத் தேவையில்லை, அது கனெக்‌ஷன் இருக்கும்வரை இருக்கும். இரண்டும் ஆபத்து. @விகிதம் என்பதை @விகித்ம் என்று தப்பாக அடித்தால் எரர் வராது, நல் வரும். கனெக்‌ஷன்களை மூடாமல் திரும்பப் பயன்படுத்தும் பூல் இருந்தால் முந்தைய ரிக்வெஸ்ட் வைத்துவிட்டுப் போன மதிப்பு அடுத்தவருக்குக் கிடைக்கலாம். ஸ்டோர்டு புரொசீஜருக்குள் @ இல்லாமல் டிக்ளேர் செய்யும் வேரியபிள்தான் ஒழுங்கானது, ஆனால் அதற்கு ஃபீல்டின் பெயரையே வைக்காதீர்கள். டிலீட் ... வேர் எண் = எண் என்று எழுதினால், வேரியபிளும் எண், ஃபீல்டும் எண் என்றால், மைஎஸ்க்யூஎல் இரண்டையும் வேரியபிள் என்று படிக்கும், ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் இரண்டையும் ஃபீல்ட் என்று படிக்கும். எப்படிப் படித்தாலும் எண் எண்ணுக்குச் சமம்தானே, டேபிள் காலி. போஸ்ட்கிரெஸ் மட்டும் எது என்று புரியவில்லை என எரர் கொடுத்து நிற்கும். அதனால்தான் பழைய ஆட்கள் வேரியபிளுக்கு முன்னால் வி_ என்று ஒட்டுவார்கள்.

ஆரக்கிள் இந்த விஷயத்தில் கண்டிப்பான வாத்தியார். செலக்ட் இன்டுவில் ரோ வராவிட்டால் நோ_டேட்டா_ஃபவுண்ட், அதிகம் வந்தால் டூ_மெனி_ரோஸ், எரர் கொடுத்து நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் புரொசீஜர் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் வெறும் இன்டு போட்டால் ரோ இல்லையென்றால் நல், நிறைய வந்தால் முதலாவது. இன்டு ஸ்ட்ரிக்ட் என்று எழுதினால் ஆரக்கிள் மாதிரியே கண்டிப்பு வந்துவிடும், எழுதுங்கள். சாதாரண எஸ்க்யூஎல்லில், ஃபங்ஷனுக்கு வெளியே, போஸ்ட்கிரெஸ்ஸில் செலக்ட் இன்டு எழுதினால் அந்தப் பெயரில் ஒரு புது டேபிளையே உருவாக்கிவிடும், எஸ்க்யூஎல் சர்வரிலும் இன்டு என்றால் டேபிள்தான். எஸ்க்யூஎல்லைட்டில் வேரியபிளே கிடையாது, புரோகிராமிலிருந்து பேராமீட்டராக அனுப்ப வேண்டியதுதான்.

வேகம் பற்றிக் கொஞ்சம். வேர் பகுதியில் லோக்கல் வேரியபிள் இருந்தால், க்வெரியை எப்படி ஓட்டுவது என்று பிளான் போடும் நேரத்தில் அதன் மதிப்பு எஸ்க்யூஎல் சர்வருக்குத் தெரியாது, சராசரியாக இவ்வளவு ரோ வரும் என்று ஊகித்துக்கொள்ளும். எண்ணை நேரடியாக எழுதினால் வேகமாகவும் வேரியபிள் போட்டால் மெதுவாகவும் ஓடினால் காரணம் பெரும்பாலும் இது, பிளானைப் புதிதாகப் போடச் சொல்லும் ஆப்ஷன் ரீகம்பைல் சேர்த்துப் பாருங்கள். ஆறு ரோ டேபிளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோடில் பார்த்தேன். புது இன்வாய்ஸுக்கு @இன்று = கெட்டேட் (இப்போதைய தேதி, நேரம்) என்று எடுக்கிறீர்கள், டேட்டாபேஸை மைக்ரோசாஃப்ட் கிளவுடில் இருக்கும் அஸூர் எஸ்க்யூஎல்லுக்கு மாற்றப்போவதாகவும் சொல்கிறீர்கள். அங்கே கெட்டேட் உலகப் பொது நேரமான யூடிசியைத் தரும், நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். 2024 ஜனவரி 1 காலை ஏழு மணிக்குக் கடை திறந்து ரசீது போட்டிருந்தால் வேரியபிளில் டிசம்பர் 31 இருந்திருக்கும், 9-க்குப் பதில் 8 வந்திருக்கும். 2016 பதிப்பு முதல் நேர மண்டலம் மாற்றும் அட் டைம் சோன் உண்டு, யூடிசி நேரம் தரும் சிஸ்யூடிசிடேட்டைமை எடுத்து, முதலில் யூடிசி என்றும் பிறகு சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம் என்றும் இரண்டு தடவை அட் டைம் சோன் போட்டு வேரியபிளுக்குக் கொடுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. லூப்பைத் திருத்துவதற்கு முன்னால், சேமித்த விகிதத்தையும் டாப் 1 க்வெரி தரும் விகிதத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் வேறாக இருக்கும் இன்வாய்ஸ்களை மட்டும் ஒரு தனி டேபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருத்திய பிறகு எது தப்பாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. 2022, 2023 மட்டும் அல்ல, 2007 ஜூன் 30-ஐயும் பாருங்கள், அவ்வளவு பழைய டேட்டா இருந்தால். 8 போடவேண்டிய இடத்தில் 9 போயிருந்தால் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இன்வாய்ஸுக்குப் பத்து வெள்ளிதான், ஆனால் அது வாடிக்கையாளரின் பத்து வெள்ளி. அந்தப் பட்டியலைக் கடை முதலாளியிடமும் அவருடைய கணக்காளரிடமும் கொடுங்கள். ஆண்டு மாறும் நாளில் எந்த விகிதம் என்பது இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் பொறுத்தது, அதை முடிவு செய்வது அவர் வேலை. இந்தத் தப்பான எண்கள் ஏற்கெனவே தாக்கல் செய்த காலாண்டுக் கணக்கில் ஏறியிருந்தால் அதைத் திருத்தும் எஃப்7 படிவம் போட வேண்டுமா என்பதையும் அவரே சொல்வார்.